கடலுக்குள் 15 நிமிடம்

உங்கள் இரத்தத்தில் ஓடும் சிவப்பணுக்களுக்கு நன்றாக வளைந்து கொடுக்கத் தெரியும். தலைமுடியைவிட மெல்லிய இரத்தக்குழாய் எதிரில் வந்தால் உடம்பை மடக்கிக்கொண்டு உள்ளே நுழையும். அந்தப் பக்கம் வந்ததும் பழையபடி வட்டமாகிவிடும். ஏறக்குறைய 120 நாள் இப்படி ஓடி ஓடி ஆக்சிஜன் சுமக்கும்.

சிலருக்குப் பிறக்கும்போதே இந்த வேலையில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைப் பிடித்துவைப்பது ஹீமோகுளோபின் என்ற புரதம். அதன் ஒரு சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அதில் 6-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இவர்களுக்கு அங்கே வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாற்றம் அவ்வளவுதான். ஆனால் ஆக்சிஜனை இறக்கி வைத்ததும் இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீள நீளக் கம்பிகளாகிவிடும். வட்டமாக இருந்த அணு அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துப்போகும். ஆயுளும் 10, 20 நாளாகக் குறைந்துவிடும். இதுதான் அரிவாள் அணு நோய்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. கடுமையான மலேரியாவிலிருந்து அது ஓரளவு காப்பாற்றவும் செய்யும்! மலேரியா அதிகம் இருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் நம் நாட்டுப் பழங்குடி மக்களிடமும் இந்த மரபணு நிலைத்துவிட்டதற்கு அதுவே காரணம். இந்தியாவில் இது இருப்பதை 1952-ல் முதலில் கண்டுபிடித்தது எங்கே தெரியுமா? நம் நீலகிரி மலையில்.

விறைத்த அணுக்கள் மெல்லிய குழாயில் சிக்கிக்கொண்டால் பின்னால் வருகிற இரத்தமும் நின்றுவிடும். அந்தக் குழாயை நம்பியிருக்கும் எலும்பும் தசையும் ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும். உடனே வலி கிளம்பும். கை, கால், முதுகு, நெஞ்சு என்று எங்கே வேண்டுமானாலும் வரும். சில மணி நேரமோ சில நாட்களோ இருக்கும். தண்ணீர் குடிக்காமல் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று குளிர் பட்டாலோ ஆரம்பித்துவிடும். வெளியே பார்த்தால் பெரும்பாலும் காயமோ கட்டோ எதுவும் தெரியாது. "நேத்து நல்லாத்தானே விளையாடிட்டு இருந்தே?" என்று பெரியவர்களே கேட்டுவிடுவார்கள். பாவம், அந்தப் பிள்ளை எதைக் காட்டி நம்பவைக்கும்?

ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து உண்டு. வலி ரொம்ப அதிகமானால் மார்ஃபின் வரை கொடுப்பார்கள். இப்போது சில இடங்களில் மருந்தோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அதுதான் கேம் விளையாடும் வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) கண்ணாடி!

இந்த யோசனை அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் தொடங்கியது. தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டுப் பிரித்துப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது வலி உயிர் போகும். ஹன்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களில் அந்த நேரத்தில் நோயாளிகளுக்கு வி.ஆர். கண்ணாடியை மாட்டிப் பார்த்தார்கள். பிறகு 'ஸ்னோ வேர்ல்ட்' என்று ஒரு பனி உலகமே தயாரானது. பனிப் பள்ளத்தாக்கில் மிதந்துகொண்டே பென்குயின்கள் மேலும் பனிமனிதர்கள் மேலும் பனிப்பந்து எறியலாம். கட்டு மாற்றும்போது வலி குறைவாக இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள்.

"பொம்மைப் படம் பார்த்ததும் வலி குறைந்தால், முதலில் இருந்தது நடிப்புதானே?" என்று யாராவது கேட்கலாம். ஹாஃப்மன் குழு 2004-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்களின் பாதத்தில் ஒரு சிறு கருவியால் சுருக்கென்று சூடு வைத்தார்கள் (காயம் படாத அளவுக்குத்தான்!). அதே நேரத்தில் ஸ்கேன் இயந்திரத்தில் அவர்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். சும்மா படுத்திருந்தபோது வலிக்கான மூளைப் பகுதிகள் மும்முரமாக இயங்கின. பனி உலகத்துக்குள் போனதும் அதே பகுதிகளின் இயக்கம் குறைந்துவிட்டது. சூடு மட்டும் மாறவே இல்லை, இரண்டு முறையும் ஒரே அளவுதான்.

பாதத்திலிருந்து கிளம்புவது வெறும் நரம்புச் செய்தி. அதை வலியாக உணர்வது மூளை. அதற்கு மூளையின் கவனம் வேண்டும், கவனமோ அளவோடுதான் இருக்கிறது. கபடியில் முழங்கால் சிராய்த்தது ஆட்டம் முடிந்த பிறகுதானே எரிய ஆரம்பிக்கிறது? சாதாரண டிவியைவிட வி.ஆர். கண்ணாடி கவனத்தை நன்றாக இழுத்துக்கொள்ளும். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வேறு வேறு படம் காட்டுவதால் எதிரில் உள்ளது ஆழத்தோடு தெரியும். தலையைத் திருப்பினால் உள்ளே இருக்கும் உணர்கருவிகள் அதைக் கண்டுபிடித்து, காட்சியையும் கூடவே திருப்பிவிடும். ஆஸ்பத்திரிச் சுவர், சலைன் பாட்டில், ஊசி எதுவும் கண்ணில் படாது.

கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் குழந்தைகள் மருத்துவமனையில் அரிவாள் அணு நோய்க்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வலி வந்து படுத்திருந்த பிள்ளைகளும் இளைஞர்களும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 15 நிமிடம் கடலுக்கு அடியில் உலாவினார்கள். வலி எவ்வளவு, உடம்பில் எத்தனை இடத்தில் என்று முன்னும் பின்னும் கேட்டதில், இரண்டுமே குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான். முடிவு 2019-ல் வெளிவந்தது.

கண்ணாடியால் குழாயில் சிக்கிய அணுக்களை எடுத்துவிட முடியாது. அதற்குச் சிகிச்சைதான் வேண்டும், நிறையத் தண்ணீரும் வேண்டும். கண்ணாடியை மாட்டினால் சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். உடனே கழற்றிவிட வேண்டியதுதான்.

எனக்கு ஒரு சந்தேகம். சியாட்டிலின் பனி உலகத்தை இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? படத்தில் உள்ள பனியால் உடம்பு சில்லிடாது என்பது சரிதான். ஆனால் குளிர் பட்டாலே வலி வரும் என்று பயந்து பயந்து வளர்ந்த பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் நடுக்கம் வராதா? நான் டாக்டராக இருந்தால் கடலைத்தான் கொடுப்பேன். வெயில் ஊடுருவுகிற வெதுவெதுப்பான கடல், நிறைய மீன்களோடு.