'இருந்திருக்கணும்'

கணவனிடம் அடிபட்டு ஆலோசனைக்கு வரும் பெண், பல நேரம் அவன் செய்ததைவிடத் தான் செய்யத் தவறியதைத்தான் முதலில் சொல்வாள். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்." "அவரு வர்றதுக்குள்ள சமைச்சு முடிச்சிருக்கணும்."

இந்த நினைப்பு அவள் ஒருத்தியுடையது அல்ல. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஏழு காரணங்களில் ஒன்றுக்காகவாவது கணவன் மனைவியை அடிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44 சதவீதம். பெண்கள் அதிகம் ஒப்புக்கொண்ட காரணம், மாமனார் மாமியாரை மதிக்காதது. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, விழுந்த அடி தன் தவறுக்கான தண்டனையாகவே தெரியும். அப்புறம் யாரிடம் போய்ச் சொல்வது? வன்முறைக்கு ஆளான பெண்களில் 77 சதவீதம் பேர் உதவி கேட்கவுமில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை என்கிறது அதே கணக்கெடுப்பு.

ஆகவே தூக்கமின்மைக்கும் பயத்துக்கும் மட்டும் சிகிச்சை தந்தால் போதாது. அமெரிக்காவின் ஹவாயில் உளவியலாளர் எட்வர்ட் குபானி உருவாக்கிய சிகிச்சை, குற்ற உணர்வையே நேராகக் கையில் எடுக்கிறது. வன்முறை உறவிலிருந்து வெளியேறிய 125 பெண்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 2004-ல் வெளியானது. பேச்சில் வரும் ஒவ்வொரு 'செய்திருக்கணும்'-ஐயும் அந்தப் பெண்ணே கவனித்துப் பிடிக்கப் பழகுகிறாள். இப்படி நடக்கும் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியுமா? மனைவி என்றால் பொறுத்துத்தான் போகணும் என்று உங்களுக்குச் சொன்னது யார்? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் முடிச்சு அவிழ்கிறது.

ஆனால் அவன் இன்னும் அதே வீட்டில் இருந்தால், பழைய காயத்தைக் கிளறும் நேரம் அதுவல்ல. முதலில் பாதுகாப்பு, பிறகே நினைவுகள் என்று 1992-லேயே வரிசைப்படுத்தினார் மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன். ஆபத்து வந்தால் எங்கே போவது, யாரை அழைப்பது, ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் எங்கே இருக்கின்றன என்று பேசுவதும் அப்போது சிகிச்சைதான்.

இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்பது பஞ்சாயத்து. அங்கே அவள் வாய்திறந்தால் வீட்டில் அதற்கு அடி விழலாம். ஆலோசகரும் இதே ஊரில் வளர்ந்தவர்தானே. தன் மனத்திலுள்ள 'பொறுத்துப் போகணும்'-ஐ அவர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். அடித்தால்தான் வன்முறை என்பதும் இல்லை. இழிவாகப் பேசுவதையும் செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வன்முறையாகவே கொள்கிறது. உதவிக்கு 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

பிரிவதா, சேர்ந்திருப்பதா என்பதைச் சிகிச்சை முடிவு செய்யாது. தமிழில் 'வேண்டும்' என்ற ஒரே சொல் கட்டளைக்கும் ஆகிறது, விருப்பத்துக்கும் ஆகிறது. 'பொறுத்துக்கணும்' என்றே பேசிக்கொண்டிருந்தவள் ஒருநாள் 'எனக்கு இது வேணும்' என்று தொடங்கினால், சிகிச்சை வேலை செய்கிறது என்று பொருள்.