குடலில் நங்கூரமிடும் கிருமி

மாரி தொடங்கிவிட்டால் உப்புவெளியில் எனக்குக் கிணறுகளைப் பற்றித்தான் யோசனை. கரையோர மணலில் தண்ணீர் இலகுவாக ஊறிப் பரவும். மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் கிணறு இருந்தால், ஒரு வெள்ளம் போதும், வயிற்றோட்டம் வீடு தேடி வர.

தொற்றினால்தான் நோய்

பஸ் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போகிறான் என்கிறோமே, தொற்றுநோயில் இருப்பதும் அதே சொல்தான். விழுங்கிய பற்றீரியா எல்லாம் நோய் தருவதில்லை. பெரும்பாலானவை இரைப்பை அமிலத்திலேயே சாகும். தப்பியவற்றைக் குடலின் அசைவு தள்ளிக்கொண்டே போகும், சளிப்படலமும் மறிக்கும். இத்தனையையும் தாண்டிக் குடற்சுவரின் கலத்தைப் பற்றிக்கொண்டதுதான் வேலையைத் தொடங்கும்.

வயிற்றோட்டம் தரும் ஈ.கோலி பற்றீரியா வகையொன்றின் உடலெங்கும் நுண்ணிய இழைகள் உண்டு. இழையின் நுனி கலத்தின் மேலுள்ள சர்க்கரை மூலக்கூறைப் பிடிக்கும். அந்த இழை சுருள் வடிவானது. குடலின் ஓட்டம் இழுக்கும்போது சுருள் அவிழ்ந்து நீளும், ஓய்ந்ததும் மீண்டும் சுருளும். நம் கடற்றொழிலாளருக்கு இது புதிதல்ல: நங்கூரக் கயிற்றைக் கட்டையாக விட்டால் அலை பிடுங்கிவிடும். ஒட்டிய கிருமி நஞ்சைச் சுரக்கிறது. நீரை உறிஞ்ச வேண்டிய கலம் உப்பையும் நீரையும் வெளியே கொட்டுகிறது.

இன்னொரு ஈ.கோலி வகை பிடிமானத்தைத் தானே கொண்டுவருகிறது. தான் பற்றவேண்டிய புரதத்தை ஊசிபோன்ற உறுப்பால் கலத்துக்குள் செலுத்தி, பிறகு அதையே பிடித்துக்கொள்கிறது. 1997இல் கனடாவில் பிரெட் பின்லேயின் குழு இதைக் கண்டறிந்தது. ஒட்டிய இடத்தில் உணவை உறிஞ்சும் நுண்விரல்கள் அழிந்துபோகின்றன.

தாய்ப்பாலில் உள்ள பொறி

தாய்ப்பாலில் குழந்தைக்குச் செரிக்காத சர்க்கரைகள் பல உண்டு. அவற்றுள் சில, குடற்கலத்தின் மேலுள்ளவற்றை ஒத்தவை. கிருமி ஏமாந்து அவற்றைப் பற்றி, மலத்தோடு போய்விடும். "வெயிலுக்குப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடு" என்னும் அம்மம்மாமாரின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தண்ணீரோடு கிருமியும் போகலாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் போதும்; தண்ணீர்கூட வேண்டாம்.

ஒட்டிய பிறகு

வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஜீவனி கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து கலத்துக்குள் போகும் வழியை நஞ்சு அடைப்பதில்லை. அவற்றின் பின்னால் நீரும் போகும். 1971இல் மேற்கு வங்காளத்து அகதி முகாமில் பரவிய வாந்திபேதியில், வைத்தியர் திலீப் மகாலநாபிஸ் இத்தகைய கரைசலைக் கொடுத்தே சாவை ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதிலிருந்து நான்குக்கும் கீழே இறக்கினார். குடற்கலங்கள் சில நாட்களில் தாமாகவே உதிரும், ஒட்டிய கிருமியோடு. அதுவரை உடல் வற்றக் கூடாது.

ஜீவனிப் பக்கற்றை முழுதாக, அதில் எழுதியுள்ள அளவு கொதித்தாறிய நீரில் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மீதியை ஊற்றிவிடுங்கள். கண் குழிவிழுந்தால், சிறுநீர் குறைந்தால், பிள்ளை சோர்ந்தால், மலத்தில் இரத்தம் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வெள்ளம் வடிந்ததும் கிணற்றுக்குக் குளோரின் இடப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். இட்ட பிறகும் குடிக்கிற தண்ணீர் கொதித்தாறியதாகவே இருக்கட்டும்.