வாலிபரைக் கவ்வித் துப்பிய திமிங்கலம்!

ஒரு வாலிபர் சிறு படகில் துடுப்புப் போட்டுப் போய்க்கொண்டிருந்தார். திடீர் என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு திமிங்கலம் எழுந்தது. படகோடு சேர்த்து அவரைக் கவ்வியது. சில விநாடிதான். உடனே வெளியே துப்பிவிட்டது!

இது கட்டுக்கதை அல்ல. 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் நடந்த சம்பவம். இடம், தென் அமெரிக்காவின் தென்கோடியில், சிலி நாட்டில் உள்ள மகெல்லன் ஜலசந்தி.

வாலிபருடைய தகப்பனார் பக்கத்தில் இன்னொரு படகில் இருந்து படம் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் திமிங்கலத்தின் வாய்க்குள் போனதும், மிதவைச் சட்டையோடு மேலே வந்ததும் அந்தப் படத்தில் பதிவாகிவிட்டன. பதற வேண்டாம் என்று தகப்பனார் குரல் கொடுத்தார். மகன் நீந்தி வந்து அவருடைய படகைப் பிடித்துக்கொண்டார். காயம் எதுவும் இல்லை!

விழுங்க முடியுமா?

முடியாது! அது கூன் முதுகுத் திமிங்கலம். ஏறக்குறைய 45 அடி நீளம் வளரும். ஆனால் அதற்குப் பல் கிடையாது. பல் இருக்க வேண்டிய இடத்தில் சீப்பு போன்ற தகடுகள் தொங்குகின்றன.

பொடி மீன்களையும் சிறு இறால் போன்ற உயிர்களையும் தண்ணீரோடு வாயில் அள்ளும். தண்ணீரைத் தகடுகளின் வழியாக வெளியே தள்ளும். எஞ்சியதை விழுங்கும். வாய் பெரியது, தொண்டை சிறியது. மனிதன் அதற்குள் நுழைய முடியாது.

மீனை அள்ள வந்த திமிங்கலத்தின் வாயில் மனிதன் அகப்பட்டுக்கொண்டான். தெரிந்ததும் துப்பிவிட்டது. அவ்வளவுதான்.

சரி, மனிதன் திமிங்கலத்தை அப்படி விட்டுவிட்டானா?

உடம்புக்குள் வெடி

2007-ம் ஆண்டு அலாஸ்காவில் பழங்குடி வேட்டைக்காரர்கள் ஒரு திமிங்கலத்தைப் பிடித்தார்கள். அதை அறுத்தபோது, கழுத்துப் பக்கத்தில் ஓர் உலோகத் துண்டு இருந்தது. நீளம் மூன்றரை அங்குலம். அது ஒரு வெடி ஈட்டியின் முனை!

ஆராய்ந்து பார்த்தார்கள். அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செய்யப்பட்ட ஈட்டி அது என்று தெரிந்தது. நம் பாரதியார் பிறந்தது 1882-ல். ஏறக்குறைய அந்தக் காலத்து ஆயுதம்! அதை உடம்பில் சுமந்துகொண்டே அந்தத் திமிங்கலம் 100 ஆண்டுகளுக்கு மேல் கடலில் நீந்தியிருக்கிறது.

செத்த பிறகும் விடவில்லை

1970-ம் ஆண்டு நவம்பர் 12-ந் தேதி அமெரிக்காவில், ஒரிகன் மாநிலத்தில், இன்னொரு கூத்து நடந்தது.

45 அடி நீளமுள்ள ஒரு திமிங்கலம் செத்துக் கரை ஒதுங்கியது. நாற்றம் தாங்கவில்லை. நெடுஞ்சாலை அதிகாரிகள், அரை டன் டைனமைட் வைத்துத் தகர்த்தால் சிறு துண்டுகளாகிவிடும், கடல் பறவைகள் தின்றுவிடும் என்று கணக்குப் போட்டார்கள்.

வெடித்தது! வேடிக்கை பார்த்தவர்களின் தலை மேல் இறைச்சி மழை பொழிந்தது. ஏறக்குறைய கால் மைல் தூரத்தில் நின்ற ஒரு காரின் மேல் பெரிய துண்டு விழுந்து, கூரை நசுங்கியது. நல்ல வேளையாக யாருக்கும் அடி இல்லை. பறவைகளோ பயந்து பறந்துவிட்டன. திமிங்கலத்தின் பெரும் பகுதி அப்படியே கிடந்தது. கடைசியில் குழி தோண்டித்தான் புதைத்தார்கள்.

திருச்செந்தூர் கரையில்

நம் நாட்டுக்கு வருவோம். 2016-ம் ஆண்டு ஜனவரி 11, 12 தேதிகளில் திருச்செந்தூர், மணப்பாடு பக்கத்துக் கரையில் 81 திமிங்கலங்கள் வந்து ஒதுங்கின. 'பைலட் திமிங்கலம்' என்ற சிறு வகை அது. 1973-ம் ஆண்டு ஜனவரியிலும் அதே கரைப் பக்கம் 147 ஒதுங்கியது உண்டு.

இவை கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. ஒன்று வழி தவறினால் மற்றவையும் பின்னாலேயே வந்துவிடும்.

மீனவர்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் ஆழக் கடலில் விட்டார்கள். சில மறுபடியும் கரைக்கே திரும்பின. ஆனாலும் 36 திமிங்கலங்கள் கடலுக்குப் போய்ச் சேர்ந்தன. 45 இறந்தன.

நீங்கள் கண்டால்?

திமிங்கலம் மீன் அல்ல. நம்மைப் போல் காற்றைச் சுவாசிக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும். கரையில் கிடக்கும்போது மூச்சுக் காற்றுக்குப் பஞ்சம் இல்லை. உடம்பின் பாரமே அதை அமுக்குகிறது. வெயிலின் சூடு கொல்கிறது.

ஆகையால், உயிருள்ள திமிங்கலம் கரையில் கிடப்பதைக் கண்டால், உடனே வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள். ஈரத் துணியைப் போர்த்தித் தண்ணீர் ஊற்றுங்கள். தலை உச்சியில் மூச்சுத் துளை இருக்கும். அதற்குள் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. வாலைப் பிடித்து இழுக்காதீர்கள்.

வாய்க்குள் வந்த மனிதனை அது விட்டுவிட்டது. நம் வாசலுக்கு வந்ததை நாம் காப்பாற்ற வேண்டாமா?