முதல் விருந்துக்குப் பாத்திரக் கணக்கு

ஊரில் அம்மன் கோயில் பொங்கல் சாட்டியாகிவிட்டது. விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசல் கிராமங்களில் பொங்கல் என்றால் வெளியூரில் இருக்கும் பந்துக்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிடுவார்கள். இத்தனை வருஷமும் மாமியார் வீட்டில் நடந்த விருந்து, இந்த வருஷம் தனிக்குடித்தனம் வந்த இளைய மருமகள் வீட்டில் என்று வைத்துக்கொள்வோம். வரப்போகிறவர்கள் முப்பது பேர். அடுப்படியில் இருப்பதோ நாலு பேருக்குச் சமைக்கிற பாத்திரங்கள்!

"மதினி வீட்டார் என்ன சொல்வார்களோ?" என்ற பயம் ஒரு பக்கம். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்தாவது புதுப் பாத்திரங்களை வாங்கி அடுக்கிவிடலாமா என்ற ஆசை இன்னொரு பக்கம். விருந்து இரண்டு நாளில் முடிந்துவிடும். அடகுக் கடை வட்டி அப்படி முடியுமா?

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்தில் ஒரு சமூகத்தார் இதை ஆண்டுதோறும் அனுபவிக்கிறார்கள். அவர்கள்தாம் யூதர்கள்.

பஸ்காவும் பாத்திரமும்

எகிப்தில் அடிமைகளாய் இருந்த தங்கள் முன்னோர் விடுதலை பெற்றதை நினைத்து யூதர்கள் கொண்டாடும் பண்டிகை பஸ்கா. வசந்த காலத்துப் பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் நமது பங்குனி அல்லது சித்திரையில் அது வரும். பெரிய வியாழனன்று கிறிஸ்தவர்கள் நினைவுகூரும் இயேசுவின் கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்தாகவே சுவிசேஷங்களில் சொல்லப்படுகிறது. ஆகவே 16-ஆம் நூற்றாண்டிலிருந்து கத்தோலிக்கர் வாழும் வேம்பாறு, வைப்பாறு கடற்கரையில் இந்தப் பெயர் புதிதல்ல.

பஸ்கா நாட்களில் புளித்த மாவுப் பண்டம் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அது பட்ட பாத்திரத்தையும் அப்படியே புழங்கக் கூடாது. போதாக்குறைக்கு, மாமிசத்துக்கு ஒரு தொகுதி, பாலுக்கு ஒரு தொகுதி என்று தனித்தனியே பாத்திரம் வைப்பதும் அவர்கள் ஆசாரம். ஆக, அன்றாடத்துக்கு இரண்டு தொகுதி, பஸ்காவுக்கு இரண்டு தொகுதி! முதன்முதலாகத் தன் வீட்டில் பஸ்கா விருந்து வைக்கும் இளம் மனைவிக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த ஆசாரத்திலேயே சிக்கனத்துக்கும் வழி இருக்கிறது. உலோகப் பாத்திரத்தை நன்றாகத் துலக்கி, ஒரு நாள் முழுதும் புழங்காமல் வைத்து, பிறகு கொதிநீரில் முக்கிக் குளிர்ந்த நீரில் அலசினால் அது பஸ்காவுக்கு ஆகும். நேரே நெருப்பில் வாட்டப் பயன்படும் இரும்பைப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். மண் கலத்துக்கு மட்டும் இந்த வழி இல்லை. அதற்கு வேறு கலம்தான் வாங்க வேண்டும்.

நம் பாட்டிமார் சொல்வதும் இதுதானே! தீட்டுப் பட்டால் பித்தளையைப் புளி போட்டுத் துலக்கி எடுத்துக்கொள்வார்கள். மண்பானையை உடைத்துப் போடுவார்கள். மண் எதையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்ற அனுபவ அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருக்கிறது.

நமக்கு அருகில் கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூத ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. அந்தச் சமூகத்தில் மிகப் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்கள் பஸ்காவில் அரிசியும் உண்டவர்கள். அந்த அரிசியைப் பெண்கள் மாதக் கணக்கில் முன்னதாகவே மணி மணியாகப் பொறுக்கிச் சுத்தம் செய்வார்களாம். பஸ்காப் பாத்திரங்களைத் தனியே எடுத்துவைத்து, வருஷத்துக்கு ஒரு முறைதான் இறக்குவார்கள். ஒரே நாளில் வாங்கிக் குவித்தவையல்ல அவை. குடும்பத்தில் வழிவழியாய்ச் சேர்ந்தவை.

வேதத்தில் பஸ்காவைப் பற்றிய கட்டளையிலேயே அருமையான ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆட்டைத் தின்று தீர்க்கக் குடும்பத்தில் ஆள் போதாவிட்டால், அண்டை வீட்டாரோடு சேர்ந்து, தலைக்கு எவ்வளவு செல்லும் என்று கணக்கிட்டு ஓர் ஆட்டைப் பகிர்ந்துகொள்ளச் சொல்கிறது யாத்திராகமம். தலைக் கணக்கு, அண்டை வீட்டுத் துணை. விருந்துச் செலவுக்கு இந்த இரண்டையும் விட நல்ல பாடம் ஏது?

ஆளை எண்ணாதீர்கள், பந்தியை எண்ணுங்கள்

நமது மருமகளின் அடுப்படிக்கு வருவோம்.

முப்பது பேர் என்றதும் முப்பது தம்ளர், முப்பது தட்டு என்று எழுதிவிடுகிறோம். அங்கேதான் பிசகு. முப்பது பேரும் ஒரே நேரத்தில் உட்காரப் போவதில்லை. பந்திக்குப் பதினைந்து பேர் என்றால் தம்ளர் பதினெட்டு போதும். வாழை இலை போட்டால் தட்டே வேண்டாம்.

சோற்றுக்கும் இதே கணக்குத்தான். விருந்துச் சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி சுமார் எட்டுப் பேருக்குக் காணும். முப்பது பேருக்கு 4 கிலோ. வடிப்பதற்கு அரிசி அளவில் நாலு பங்கு தண்ணீர் என்றால், நாலு கிலோவையும் ஒரே தடவையில் வடிக்க 25 லிட்டருக்கு மேல் பிடிக்கும் அண்டா வேண்டும். வருஷத்தில் ஒரு நாள் தவிர அதற்கு வேலை என்ன? இரண்டு கிலோவாக இரண்டு தடவை வடித்தால் 15 லிட்டர்ப் பானை போதும். முதல் பந்திக்கு ஓர் உலை, அடுத்த பந்திக்கு மறு உலை. சோறும் சூடாக இருக்கும்.

நாலு பட்டியல்

ஒரு தாளை எடுத்து நாலு பத்தியாகக் கோடு போடுங்கள்: இருப்பது, இரவல், வாடகை, விலைக்கு. எந்தச் சாமானையும் முதல் மூன்று பத்தியில் எழுத முடியுமா என்று பார்த்த பிறகே நாலாவது பத்திக்குப் போக வேண்டும்.

இருப்பது: பரணில் கிடக்கும் தாய் வீட்டுச் சீர்ப் பாத்திரத்தை இறக்குங்கள். பித்தளையில் புளியும் தயிரும் சேர்ந்தால் களிம்பு ஏறும். அதனால்தான் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, வெள்ளீயத்தைத் துணியால் தேய்த்துப் பரப்பினால் பழைய பாத்திரம் புதிதாகிவிடும். பூசுவது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காரீயம் நஞ்சு, சமையலுக்கு ஆகவே ஆகாது.

இரவல்: கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நமது பாத்திரங்களில் பெயர் வெட்டி வைக்கிறோமே, எதற்காக? அவை நாலு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும் என்பதால்தானே! வாங்கியதைக் குறித்துவையுங்கள். துலக்கித் திருப்பிக் கொடுக்கும்போது கொஞ்சம் பலகாரம் போட்டுக் கொடுங்கள். அடுத்த வருஷமும் அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும்.

வாடகை: அண்டா, பெரிய கரண்டி, ஜமுக்காளம் ஆகியவை இதில் சேரும். எடுக்கும்போதே எண்ணிக்கையையும், ஏற்கெனவே உள்ள நசுங்கலையும் கடைக்காரரிடம் காட்டிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய நசுங்கலுக்கும் நீங்களே தண்டம் கட்ட நேரும்.

விலைக்கு: விருந்து முடிந்த மறுநாளும் பயன்படுவதை மட்டும் வாங்குங்கள். எவர்சில்வரில் கனமான அடியுள்ள ஒரு பானை, மெல்லிய மூன்று பானைக்குச் சமம், அடி பிடிக்காது. புதுப் பொங்கல் பானை மண்ணில் இருந்தால் அழகு, விலையும் குறைவு. வாங்கியதும் தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிப் பழக்கினால் கசியாது. சோறு கொட்டிவைக்கப் பனையோலைப் பெட்டி இருக்கிறது. நமது பனங்காட்டுப் பூமியில் அதை விட்டு வேறு தேட வேண்டியதில்லை.

பத்துப் பங்கு

விருந்துக்கென்று ஒதுக்கிய தொகையைப் பத்துப் பங்கு ஆக்குங்கள். ஆறு பங்கு சாப்பாட்டுச் சாமானுக்கு. இரண்டு பங்கு புதுப் பாத்திரத்துக்கு. ஒரு பங்கு வாடகைக்கும் ஈயப் பூச்சுக்கும். மீதி ஒரு பங்கைத் தொடாதீர்கள். திடீரென்று ஐந்து பேர் கூட வந்து நின்றால் கைகொடுக்கப் போவது அதுதான். பாத்திரத்துக்கு இரண்டு பங்கு போதாது என்று தோன்றினால், சாப்பாட்டுப் பங்கில் கை வைக்காமல் இரவல் பத்தியை நீட்டுங்கள்.

வருஷத்துக்கு ஒரு நல்ல பாத்திரம் என்று வைத்துக்கொண்டால் பத்து வருஷத்தில் பத்துப் பாத்திரம். கடனில்லாமல் சேர்ந்தவை ஆகையால் ஒவ்வொன்றையும் மன நிறைவோடு எடுத்துப் புழங்கலாம்.

பஸ்கா இரவில் பரம ஏழைக்கும் நான்கு கிண்ணம் திராட்சை ரசம் குறையக் கூடாது, இல்லாதவனுக்குப் பொது தர்மத்திலிருந்தாவது கொடுக்க வேண்டும் என்பது யூதர்களின் பழைய விதி. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பெரிய வியாழன் இரவில் அவர்கள் பெசஹா அப்பம் சுடுவார்கள். அந்த வருஷம் துக்கம் நேர்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டு வந்து கொடுப்பார்கள். எந்தப் பண்டிகையானாலும் எவரும் தனியே நின்று கஷ்டப்படக் கூடாது என்பதே அதன் உட்பொருள்.

ஆகவே, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும், மருமகளே! வந்தவர்கள் பாத்திரத்தின் பளபளப்பை இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க" என்று சிரித்த முகத்தோடு நீங்கள் சொன்னதை அடுத்த பொங்கல் வரை பேசிக்கொண்டிருப்பார்கள். அடகுச் சீட்டு மனதை அரித்துக்கொண்டிருந்தால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வரும்?