வானிலிருந்து கடலைப் பார்த்தவர்

கரையில் நின்று கடலைப் பார்க்கிறோம். அலைகள் தெரிகின்றன. தூரத்தில் வானமும் கடலும் தொடுவது போல ஒரு கோடு தெரிகிறது. அது சுமார் 5 கிலோமீட்டர் தூரம்தான். அதற்கு அப்பால் நம் கண்ணுக்கு எட்டாது.

ஆனால் கடல் மிகப் பெரியது. பூமியின் மேற்பரப்பை 100 பங்காக்கினால் 71 பங்கு கடல். இவ்வளவு பெரிய கடலை எப்படிப் பார்ப்பது? மிக உயரத்துக்குப் போக வேண்டும்.

அப்படிப் போனவர் பால் ஸ்கல்லி-பவர். இவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த கடல் ஆராய்ச்சியாளர். அமெரிக்கக் கடற்படைக்காக ஆராய்ச்சி செய்து வந்தார். 1984 அக்டோபர் 5 அன்று சாலஞ்சர் விண்கலத்தில் விண்வெளிக்குச் சென்றார். மொத்தம் 7 பேர் சென்றனர். விண்வெளிக்குப் போன முதல் கடல் ஆராய்ச்சியாளர் இவரே.

விண்கலம் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றியது. 8 நாட்கள் இவர் ஜன்னல் வழியே கடலைக் கவனித்தார். படங்கள் எடுத்தார்.

என்ன கண்டார்?

கடலில் பல இடங்களில் நீர்ச் சுழல்களைக் கண்டார். அவை நத்தை ஓட்டின் சுருள் போல இருந்தன. ஒவ்வொரு சுழலும் 10 முதல் 25 கிலோமீட்டர் அகலம். இத்தகைய சுழல்கள் முன்பே சில விண்வெளிப் படங்களில் தெரிந்தன. ஆனால் இத்தனை இடங்களில் இருக்கும் என்று யாரும் எண்ணவில்லை.

கப்பலில் போனவர்களுக்கு இவை ஏன் தெரியவில்லை? கோலத்தின் மேல் ஊரும் எறும்புக்குக் கோலம் தெரியுமா? நின்று பார்ப்பவருக்குத்தான் முழுக் கோலமும் தெரியும். அது போலத்தான் இதுவும்.

சூரிய ஒளியும் உதவியது. கடல் உயிர்களிடமிருந்து வரும் எண்ணெய்ப் பசை நீரின் மேல் மெல்லியதாகப் படர்கிறது. சுழலும் நீர் அதைக் கோடு கோடாக இழுக்கிறது. பசை உள்ள இடத்தில் சிற்றலைகள் அடங்குகின்றன. வெயில் பட்டதும் அந்தக் கோடுகள் கண்ணாடி போலப் பளபளக்கின்றன.

நமக்கு என்ன பயன்?

கடல் நீர் ஓடுகிறது, சுழல்கிறது, கலக்கிறது. அதனுடன் வெப்பமும் சத்தும் இடம் மாறுகின்றன. சத்து உள்ள இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் வளரும். அந்த உணவைத் தொடர்ந்து மீன்கள் வரும்.

இன்று ஆளில்லாத செயற்கைக்கோள்களும் கடலைக் கவனிக்கின்றன. கடலை ஆராய்வதற்காக இந்தியா 1999-இல் ஓஷன்சாட்-1 செயற்கைக்கோளை அனுப்பியது. கடலின் நிறத்தையும் வெப்பத்தையும் பார்த்து, மீன் கிடைக்கக்கூடிய இடங்களை ஐதராபாத்தில் உள்ள அரசு நிலையம் கணிக்கிறது. அந்தச் செய்தி மீனவர்களுக்குச் செல்கிறது. மீனைத் தேடி அலைவது குறைகிறது. டீசல் செலவும் மிச்சமாகிறது.