கிளை பிரியும் நிரல்

ஊரார் பயன்கொள்ளும் ஊருணியைத் தூர்வாரிக் கரைகாக்க ஒருவர் பொறுப்பேற்கிறார். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் வருகை நின்றுபோகிறது. ஊரார் என் செய்வர்? கணிப்பொறித் துறையிலும் இத்தகைய வினா எழுவதுண்டு.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பு நிரல் எனப்படும். எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையளித்து வெளியிடப்படுவன திறந்த மூல நிரல்கள். இவற்றைப் பேணுவோருள் பலர் ஊதியம் கருதாது உழைப்பவர். வேறு பணியாலோ உடல் நலிவாலோ அவர்கள் மறுமொழி கூறாதொழியின், பிறர் அனுப்பும் திருத்தங்கள் தேங்கிவிடும். அந்நிலையில் பிறரொருவர் அந்நிரலைப் படியெடுத்து, வேறு பெயரிட்டு, தாமே வளர்க்கலாம். இதனைக் கிளை பிரித்தல் என்பர்.

உரிமை உண்டென்பதனால் உடனே பிரிதல் தகுமோ? கிளை இரண்டாயின் உழைப்பும் பிளவுபடும். எதனைக் கொள்வதென அறியாது மக்கள் மயங்குவர். பிரித்தவரே பின்னர்ச் சலித்து விலகின், கேடு முன்னையினும் மிகும். ஆயினும், வாளா இருத்தலும் நன்றன்று. திருத்தம் பெறாத நிரல் நாளடைவில் புதிய கணிப்பொறிகளில் இயங்காதொழியும்.

பைத்தான் என்னும் நிரல்மொழியில் படங்களைக் கையாள உதவிய ‘பில்’ என்னும் தொகுதியின் வரலாறு இங்கு அறியத்தக்கது. பிரெடரிக் லுண்ட் என்பார் ஆக்கிய அத்தொகுதியின் இறுதிப் பதிப்பு 2009இல் வெளிவந்தது. 2010இல் அலெக்ஸ் கிளார்க் என்பார் அதனின்று ‘பில்லோ’ என்னும் கிளையைத் தொடங்கினார். தொகுதியை எளிதில் நிறுவும் வழியைச் சீராக்குவதே முதல் நோக்கமாயிற்று. படங்களைக் கையாளும் பகுதியில் மிகச் சில மாற்றங்களே செய்யப்பெற்றன. மூலத் தொகுதியின் புதிய பதிப்போ வரவில்லை. 2013இல் வெளிவந்த பில்லோவின் இரண்டாம் பதிப்பு, பழைய தொகுதி இயங்காத பைத்தான் மூன்றாம் பதிப்பிலும் இயங்கியது. அதன்பின் பில்லோ தனக்கென ஒரு நெறியில் வளரலாயிற்று. நிரல் எழுதுவோர் அதனை அழைக்கும் பெயரோ இன்றும் ‘பில்’ என்பதே. அதன் உரிம ஏட்டில் லுண்டின் பெயரும் நிலைபெற்றுள்ளது.

ஆதலின், பிரிய எண்ணுவோர் முதலில் மூலத்தைப் பேணுவோரை வினவுதல் வேண்டும். மறுமொழிக்குப் போதிய காலம் தருதல் வேண்டும். பல்லாண்டு காக்கும் உறுதி தமக்குண்டோ என ஆராய்தல் வேண்டும். பின்னர்ப் பிரியினும், முன்னவர் உழைப்பை மறவாதிருத்தல் வேண்டும். பிரியும் உரிமை எளிதிற் கிடைப்பது. பேணும் கடமையோ நாள்தோறும் ஆற்ற வேண்டுவது.