அச்சம் தீர்க்கும் பழக்க மருத்துவம்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காக வகுத்தார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (அதாவது அரசன் முதலான மேலோர்) என்பன அவை. ஊசியையும் லிஃப்டையும் அவர் சேர்க்கவில்லை, அன்று அவை ஏது? நம் பிள்ளைகள் மலையாளத்தில் 'பேடி' என்பதும் நாம் பயம் என்பதும் இந்த அச்சம்தான்.

எல்லாப் பயமும் நோய் ஆகிவிடாது. தெருநாயைக் கண்டு ஒதுங்கிப் போவது நம்ம ஊரில் புத்திசாலித்தனம். அதே நாய்க்குப் பயந்து பையன் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்றால், கட்டிப்போட்ட வீட்டு நாயின் படத்தைக் கண்டாலும் நடுங்கினால், அதைத்தான் மருத்துவர் 'ஃபோபியா' என்கிறார்கள். நம்மவர் உடனே மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள், அல்லது "ஆம்பளப் பிள்ளைக்கு என்னடா பயம்" என்று அதட்டுவார்கள். இரண்டாலும் பயம் போவதில்லை.

அச்சத்தைப் பழக்கி உண்டாக்க முடியும் என்று 1920-இல் அமெரிக்காவில் வாட்சனும் ரெய்னரும் காட்டினர். கைக்குழந்தை ஒன்று வெள்ளெலியைத் தொட வரும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். பிறகு எலியைக் கண்டாலே அது அழுதது. அந்தப் பயத்தை நீக்காமலே குழந்தையை விட்டுவிட்டார்கள். என் கணக்கில் அது பாவம். நான்கு ஆண்டு கழித்து மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் நேர்மாறாகச் செய்தார். முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த தின்பண்டம் கொடுத்துக்கொண்டே, முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார். முடிவில் பிள்ளை அதைத் தடவிக் கொடுத்தான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப் 1958-இல் வெளியிட்ட நூலில் இதை முறையான வைத்தியமாக வகுத்தார்.

முறை இதுதான். அஞ்சும் பொருளைப் படிக்கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பயத்தை 0 முதல் 100 வரை மதிப்பிட வேண்டும். நாய் என்றால் முதலில் படம், பிறகு குரைக்கும் ஒலி, சாலைக்கு அப்பால் சங்கிலியில் நிற்கும் நாய், கடைசியில் தடுப்பூசி போட்ட சாதுவான நாயைத் தொடுவது. ஒரு படியில் பயம் தணியும்வரை நின்றுவிட்டு அடுத்த படிக்குப் போகவேண்டும். பாதியில் ஓடினால் "ஓடினேன், பிழைத்தேன்" என்றே மனசு எழுதிக்கொள்ளும், பயம் வலுக்கும். இக்கால அறிஞர் இன்னொன்றும் சொல்கிறார்கள். பழைய பயம் அழிவதில்லை, அதன் மேல் "ஒன்றும் ஆகவில்லை" என்ற புதுப் பாடம் பதிகிறது. அதனால் பல இடங்களில், பல நாட்களில் பழக வேண்டும்.

ஊசி, ரத்தம் பற்றிய பயம் மட்டும் தனி ஜாதி. மற்ற பயங்களில் மயக்கம் வருவது அபூர்வம். இதில் ரத்த அழுத்தம் ஒருகணம் ஏறிச் சட்டென்று இறங்குவதால் ஆள் சாய்ந்துவிடுவார். உடம்பைத் தளர்த்தும் வோல்ப் முறை இங்கே உதவாது. அதற்கு ஸ்வீடனின் ஓஸ்ட் என்பவர் 1980-களில் 'இறுக்கப் பயிற்சி'யைக் கண்டார். கை, கால், வயிற்றுத் தசைகளை முகம் சூடாகும்வரை 10 முதல் 15 நொடி இறுக்கி, 20 முதல் 30 நொடி சாதாரணமாக விட்டு, ஐந்து தடவை செய்வது. ஊசி ஏறும் கையைத் தளர்வாக வைக்கவேண்டும். பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டே செய்யவேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் எனக்குத் தெரிந்த மளிகைக்காரர் ஒருவர், சர்க்கரை நோயாளி, "ரத்தம் எடுக்கறதா? அடுத்த மாசம் பாக்கலாம்" என்றே ஆறு வருஷம் தள்ளினார். காலில் புண் வந்து ஒரு விரலை எடுத்தபிறகுதான் இந்தப் பயிற்சிக்குப் போனார். இப்போது தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறார். விரல் போனது போனதுதான்.

இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1870-இல் தொடங்கிய ஊளம்பாறை மனநல மையமும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டாலே நம்மவர் பயப்படுவது வேறு கதை. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். எங்கே போனாலும், நடத்தைச் சிகிச்சை, அதாவது 'பிஹேவியர் தெரபி', செய்யும் உளவியலாளர் யார் என்று குறிப்பாகக் கேளுங்கள்.